தெருவைத் தோண்டிப் போட்டிருக்கும்போதே கரண்ட் வயரையும் மண்ணுக்குள் இறக்கிவிடலாமா?

வெளிவீதிச் சந்து:

வணக்கம். மதுரையில் வடக்கு மாசி வீதிக்கும் வடக்கு வெளி வீதிக்கும் நடுவில் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் எதிரே வரும் பைக் யார் வீட்டு வாசல்படியிலாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும், அவ்வளவுதான் அகலம். எல்லாம் ஓட்டு வீடாக இருந்த காலத்தில் நட்ட கம்பம். இப்போது இரண்டு பக்கமும் மூன்று மாடி எழும்பிவிட்டது, வயர் மட்டும் அதே உயரத்தில் ஓடுகிறது. அதனால் முதல் மாடிப் பால்கனியில் நின்று கையை நீட்டினால் எட்டிவிடும் தூரத்தில் வெறும் கம்பி போகிறது. எல்.டி. வயருக்கும், அதாவது வீடுகளுக்குக் கரண்ட் கொடுக்கும் தாழ்வழுத்த வயருக்கும், கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதியே சொல்கிறது. எங்கள் சந்தில் அதற்கு இடமே இல்லை. ஆடிக் காற்றில் வயரும் வயரும் உரசிப் பொறி பறக்கும்போதெல்லாம் பெண்கள் துணி காயப்போட்ட கொடியை விட்டுவிட்டு உள்ளே ஓடுகிறார்கள்.

இதைவிடப் பயம் சப்பரம் வரும் நாளில்தான். சப்பரத்துக்கு முன்னால் ஒரு பையன் மூங்கில் கவட்டைக் கம்பால் வயரை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பான், பின்னால் சாமி வரும். கரண்டை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்த வயர் எந்த டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வருகிறது என்று எல்லோருக்குமா தெரியும்? 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்த வயரில் உரசி 11 பேர் போனார்கள். அதற்குப் பிறகு சப்பரம் எங்கள் சந்துக்குள் திரும்பும்போதெல்லாம் எனக்கு அந்தக் கவட்டைக் கம்பின் நுனியை விட்டுக் கண் நகர்வதே இல்லை.

இப்போது விஷயம் என்னவென்றால், குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியிருக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் இருந்து முல்லைப் பெரியாறு தண்ணீர் வருகிறதே, அந்தத் திட்டத்தின் வேலை. குழாய் பதித்து மூடி, சிமெண்ட் ரோடு போட்டுவிட்டால் அப்புறம் பத்து வருஷத்துக்கு யாரையும் தோண்டவிட மாட்டார்கள். அதற்குள் கரண்ட் வயரையும் கேபிளாக்கிப் பூமிக்குள் போட்டுவிட்டால் என்ன என்று எங்கள் தெருவில் பேச்சு வந்தது. பாதிப் பேர் சரி என்கிறார்கள். மீதிப் பேர், மண்ணுக்குள் போட்டால் ஒரு தடவை போய்விட்டால் ரெண்டு நாள் இருட்டில் கிடக்க வேண்டியதுதான், மழையில் தெருத் தண்ணீரே ஷாக் அடிக்கும் என்கிறார்கள். இன்னொன்று, மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடலாம் என்று நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். கேபிளுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

விவரம் தெரிந்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் பேச வேண்டும்.


நரிமேட்டுப் பொண்ணு:

நான் பிறந்து வளர்ந்தது நரிமேடு, கல்யாணம் ஆகி சென்னையில் இருக்கிறேன். இரண்டு விதத்தையும் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது ஊரில் நின்ற பெரிய மரமெல்லாம் சாய்ந்துவிட்டது. நகரத்துக்குள் கேபிள் போட்டிருந்த பகுதிகளில் கரண்ட் சீக்கிரம் திரும்பிவிட்டது. கம்பமும் வயருமாக இருந்த புறநகரில் என் நாத்தனார் வீட்டில் அதற்கப்புறமும் பல நாள் இருட்டு. மோட்டார் ஓடாமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் கம்பம் விழுந்ததும், வெளி மாவட்ட லைன்மேன்கள் எல்லாம் போய் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். மதுரைக்குப் புயல் வராது என்பார்கள், ஆனால் சித்திரை வைகாசியில் ஒரு கோடை மழைக் காற்று போதும், வேப்பங்கிளை ஒன்று முறிந்து விழுந்தால் தெருவே போய்விடும்.

அதனால் கேபிள் நல்லது என்பதுதான் என் கட்சி. ஆனால் உங்கள் தெருவில் மழைத்தண்ணீரைப் பற்றிப் பயப்படுகிறார்களே, அந்தப் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். 2017 நவம்பரில் சென்னை கொடுங்கையூரில் தெருவில் தேங்கிய மழைத்தண்ணீரில் கிடந்த மின்வயரை மிதித்து இரண்டு சின்னப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். ஆழத்தில் ஒழுங்காகப் புதைத்த கேபிள் தண்ணீரில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, அது நனையும் என்று தெரிந்துதான் செய்கிறார்கள். ஆபத்து எங்கே என்றால், கேபிள் மண்ணை விட்டு மேலே வரும் இடத்தில். வீடுகளுக்குக் கரண்டைப் பிரித்துக்கொடுக்கத் தெருவோரம் வைக்கும் இரும்புப் பெட்டியான பில்லர் பாக்ஸின் கதவு உடைந்து திறந்து கிடப்பது, தற்காலிகம் என்று சொல்லி ரோட்டோரமாக மேலாக இழுத்துவிட்ட வயர், இந்த இரண்டையும் எங்கே பார்த்தாலும் போட்டோ எடுத்து மின்னகத்துக்குப் புகார் போட்டுவிடுவேன். 2024 அக்டோபர் மழையில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் வந்த கவலை, அங்கே பெட்டியெல்லாம் எந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான். உங்கள் சந்தில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலே காங்கிரீட் மேடை கட்டித்தான் பில்லர் பாக்ஸ் வைக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.


பழைய ஜாயிண்ட்டர்:

தம்பி, மின்வாரியத்தில் கேபிள் ஜாயிண்ட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பேப்பர் சுற்றிய ஈயக் கேபிள் காலத்தில் இருந்து இப்போதைய எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் வரை கையால் தொட்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேபிள் என்பது தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். எக்ஸ்.எல்.பி.இ. நல்ல சரக்கு, உள்ளே இருக்கும் கம்பி 90 டிகிரி சூடு வரை தொடர்ந்து தாங்கும், பழைய பேப்பர் கேபிளெல்லாம் அதற்கு ரொம்பக் கீழே. கெடுவது இரண்டு இடத்தில்தான். ஒன்று, யாராவது மேலே தோண்டிக் காயப்படுத்திய இடம். இன்னொன்று ஜாயிண்ட், அதாவது இரண்டு கேபிள் முனையைச் சேர்க்கும் இடம். புது லைனை ஆள் சேர்த்து இழுத்துப்போடுவது ஒரு நாள் வேலையாக இருக்கலாம், ஆனால் அதன் ஆயுசைத் தீர்மானிப்பது ஜாயிண்ட் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒருவருடைய பொறுமை.

ஒரு 11 கே.வி. உயரழுத்தக் கேபிள் ஜாயிண்ட் எப்படிப் போடுவோம் என்று சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்கு விஷயம் புரியும். வெளித்தோலை உரித்தால் இரும்புக் கவசமான ஆர்மர் வரும், அதை அறுத்து மடக்கிவிட்டு உள்தோலை எடுத்தால் உள்ளே தனித்தனியாக ஓடும் ஒவ்வொரு கோர் மேலும் செம்பு டேப் சுற்றியிருக்கும், அதற்குக் கீழே கறுப்பாக ஒரு செமிகான் படலம், அதற்கும் கீழேதான் பால் மாதிரி வெளுத்த இன்சுலேஷன். அந்தக் கறுப்புப் படலத்தைச் சீவி எடுக்கும்போது கத்தி பட்டு வெள்ளையில் ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு, அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவி வைத்துப் பார்த்தாலும் நன்றாகவே காட்டும், ஒரு வருஷமோ மூன்று வருஷமோ கழித்து அதே இடத்தில்தான் வெடிக்கும். துடைக்கிற துணிக்குக்கூட ஒரு திசை உண்டு. வெள்ளையில் இருந்து கறுப்பை நோக்கித்தான் துடைக்க வேண்டும், திருப்பித் துடைத்தால் கரித்தூள் வெள்ளை மேல் ஏறிவிடும். அப்புறம் இரண்டு கம்பியையும் சேர்க்கும் உலோகக் குழலான ஃபெருலைப் போட்டு நெருக்கிக் கிரிம்பிங் செய்து, ஸ்ட்ரெஸ் கண்ட்ரோல் டியூபை ஏற்றி, சுருங்குகிற குழாயை நடுவில் இருந்து இரண்டு ஓரத்துக்கும் நெருப்புக் காட்டிக்கொண்டே போக வேண்டும், ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்தால் காற்று உள்ளேயே மாட்டிக்கொள்ளும். குழிக்குள் வேர்வை சொட்டும். அந்த வேர்வை இன்சுலேஷன் மேல் விழக்கூடாது என்பதற்காகவே நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருவோம். மழை தூறினால் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுக் காத்திருப்போம், மேலே நின்று எத்தனை பேர் அவசரப்படுத்தினாலும் சரி. ஈரத்தோடு மூடிய ஜாயிண்ட்டை நான் நிறையத் திறந்திருக்கிறேன், உள்ளே பச்சை பூத்துக் கிடக்கும்.

மண்ணுக்குள் போனால் ரெண்டு நாள் இருட்டு என்று உங்கள் தெருவில் சொல்வது வெறும் வதந்தி இல்லை. மேலே ஓடும் லைனில் வரும் கோளாறில் பெரும்பகுதி தற்காலிகம், கிளை உரசும், அணில் ஏறும், பிரேக்கர் விழும், திரும்பப் போட்டால் கரண்ட் வந்துவிடும். கேபிளில் அப்படிக் கிடையாது, போனால் போனதுதான், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் இன்னும் கெடும். எங்கே போயிருக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது. ஃபால்ட் லொகேட்டர் வண்டி வந்து, ஒரு முனையில் இருந்து துடிப்பு அனுப்பி ஏறக்குறைய எத்தனை மீட்டரில் என்று கண்டுபிடித்து, அப்புறம் சர்ஜ் அடித்துக்கொண்டே இருக்க, ஒருவர் தரையில் கருவியை வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு அந்தத் 'தொம்' சத்தம் எங்கே பலமாகக் கேட்கிறது என்று நடந்துகொண்டே தேடுவார். பகலில் கீழவாசலில் பஸ் சத்தத்தில் அது கேட்குமா? அதனால்தான் நாங்கள் ராத்திரி போக்குவரத்து அடங்கியதும் போவோம். அடிக்கடி ஒரு கடை முதலாளி டீ வாங்கிக்கொடுப்பார், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் குடித்திருக்கிறேன்.

ஆனால் இது கேபிளின் குற்றம் இல்லை. ஒரே ஒரு பக்கத்தில் இருந்து ஊட்டினால்தான் இந்தக் கஷ்டம். வளையமாகப் போட்டு நடுநடுவே ஆர்.எம்.யூ. என்ற சுவிட்சுப் பெட்டி வைத்திருந்தால், கெட்ட துண்டை மட்டும் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு மறுபக்கத்தில் இருந்து கரண்ட் கொடுத்துவிடலாம், ஜனங்களுக்குப் போனதே தெரியாது, நாங்கள் நிதானமாக ரிப்பேர் பார்ப்போம். சந்துக்குள் ஓடும் எல்.டி.க்கும் அதேதான், பில்லர் பாக்ஸுக்கு இரண்டு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வழி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் வெறும் 'கேபிள் போடுங்கள்' என்று மட்டும் மனு கொடுத்தால் பாதி நன்மைதான் கிடைக்கும்.


விளக்குத்தூண் ஜவுளி:

ஜாயிண்ட்டர் அண்ணன் சொன்ன முதல் காரணத்துக்கு நான் சாட்சி. எங்கள் கடைக்கு வரும் கேபிள் மண்ணுக்குள்தான். ஒரு தீபாவளி சீசனில், வேறு ஏதோ வேலைக்குத் தோண்ட வந்த ஜே.சி.பி. நேராகக் கேபிளில் இறங்கிவிட்டது. யார் காண்ட்ராக்டர், எந்த வேலை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். தோண்ட வந்தவர் கையில் அந்த இடத்தில் கேபிள் போகிறது என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை, ஓட்டியவர் பாவம், அவருக்கு மண் தெரிகிறது, மண்ணுக்குள் என்ன என்று எப்படித் தெரியும்? ஆள் தப்பியதே பெரிது. அன்றைக்கு முழுவதும் ஜெனரேட்டரில் கடையை ஓட்டினோம். டீசல் செலவு போகட்டும், பக்கத்தில் ஜெனரேட்டர் இல்லாத சின்னக் கடைக்காரர்கள் டார்ச் அடித்துச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள், கலர் தெரியாமல் யார் பட்டு எடுப்பார்கள்.

அப்புறம் குழியை எட்டிப் பார்த்தேன். கேபிள் முழங்கால் ஆழத்தில் கிடந்தது. மேலே செங்கல்லும் இல்லை, மணலும் இல்லை, எச்சரிக்கை டேப்பும் இல்லை. ஜல்லியும் ஓட்டாஞ்சில்லும் கலந்த மண்ணை அப்படியே தள்ளி மூடியிருக்கிறார்கள். மதுரை டவுனுக்குள் எங்கே தோண்டினாலும் பழைய கட்டட இடிபாடுதானே வரும், அந்தக் கூர்மையான கல் வருஷக்கணக்கில் கேபிள் மேல் அழுத்திக்கொண்டே இருந்தால் தோல் கிழியாமல் என்ன செய்யும்?

தம்பிக்கு நான் சொல்வது இதுதான். குழியை மூடும் அன்றைக்கு உங்கள் தெருவில் இரண்டு பேர் கட்டாயம் கூட நில்லுங்கள், வேலைக்கு லீவு போட்டாவது. டேப் வைத்து ஆழத்தை அளந்து போட்டோ எடுங்கள். எந்த வீட்டுச் சுவரில் இருந்து எத்தனை அடியில் கேபிள் போகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஜே.சி.பி. வரும்போது அந்த நோட்டுதான் உங்கள் தெருவைக் காப்பாற்றும்.


திருநகர் வாத்தியார்:

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறேன். மேலே சொன்ன ஆழத்துக்கு எழுதிவைத்த கணக்கே உண்டு. ஐ.எஸ். 1255 என்ற இந்தியத் தரக்குறிப்பில் 11 கே.வி. வரை உள்ள கேபிளுக்கு 0.9 மீட்டர், 22 மற்றும் 33 கே.வி.க்கு 1.05 மீட்டர், எல்.டி. கேபிளுக்கு 0.75 மீட்டர் என்று இருக்கிறது. ஜவுளிக்கடை நண்பர் பார்த்த முழங்கால் ஆழம் எதிலும் சேராது. கீழே மணல் மெத்தை, மேலே மணல், அதன் மேல் செங்கல் அல்லது மூடுகல், அப்புறம்தான் மண். இந்த வரிசையை யாரும் குறைக்கக்கூடாது.

மதுரைக்கு இன்னொரு விஷயம் முக்கியம், அதை யாரும் பேசுவதில்லை. சூடு. மேலே ஓடும் வயரைக் காற்று ஆற்றிவிடும், மண்ணுக்குள் கிடக்கும் கேபிளை மண்தான் ஆற்ற வேண்டும். கேபிள் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் அட்டவணை நம் நாட்டில் வழக்கமாக 30 டிகிரி மண் சூட்டுக்குப் போட்ட கணக்கு. நம் ஊர் மே மாதத்தில் வறண்டு பிளந்து கிடக்கும் மண் அந்தக் கணக்குக்குள் அடங்காது, காய்ந்த மண் சூட்டை வெளியே விடாது. போதாததற்கு ஒரே பள்ளத்தில் நாலு கேபிளை ஒட்டி ஒட்டிப் போட்டால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறும். அதே மே மாதத்தில்தான் ராத்திரி எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடுகிறது. ஆகவே கேபிளின் தடிமனை இன்றைய லோடுக்குப் பார்த்து வாங்கக்கூடாது, மூன்று மாடி வீடுகள் நாலு மாடியாகி, வாசலில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறும் நாளுக்குப் பார்த்து வாங்க வேண்டும். மேல் வயரை ஒரு நாளில் மாற்றிவிடலாம், மண்ணுக்குள் போனதை மாற்ற மறுபடி ரோட்டை உடைக்க வேண்டும்.

அப்புறம், கேபிள் போட்டாலே மின் இழப்பு குறையும் என்று சிலர் சொல்கிறார்கள், அது அப்படியே சரி இல்லை. அதே தடிமன் கம்பியில் அதே கரண்ட் ஓடினால் மேலே ஓடினாலும் கீழே ஓடினாலும் இழப்பு ஒன்றுதான். இழப்பு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், கரண்ட் பாதியானால் இழப்பு கால்வாசியாகும். ஆகவே 11 கே.வி.யை வீடுகளுக்குப் பக்கம் வரை கொண்டுவந்து, சின்னச் சின்ன டிரான்ஸ்ஃபார்மராக வைத்து, எல்.டி. ஓடும் தூரத்தைக் குறைத்தால்தான் உண்மையான மிச்சம். 11 கே.வி. வெறும் வயரைச் சந்துக்குள் கொண்டுவர முடியாது, இடைவெளி கிடைக்காது. கேபிளாகக் கொண்டுவரலாம். கேபிளின் நிஜமான லாபம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

சோலார் கேட்டிருந்தீர்கள். சம்பந்தம் உண்டு, நிறையவே உண்டு. 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் போடுகிறார்கள். ஆனால் பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு இணைத்த ஆன்கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஆளுக்கு உங்கள் மாடியில் இருந்து ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் இருந்து மாலை வரை நிறுத்தினால், வெயில் கொளுத்தும் அந்தப் பகல் முழுவதும் உங்கள் பேனல் சும்மா கிடக்கும். அந்தப் பராமரிப்பில் ஒரு பெரிய பகுதி மரக்கிளை வெட்டுவதுதான். கேபிள் வந்தால் அந்த வேலையே இல்லை, மரமும் பிழைக்கும், பகல் மின்தடையும் குறையும். நமக்குப் பக்கத்தில் கமுதியில் 648 மெகாவாட் சூரியப் பூங்கா 2016ல் இருந்து ஓடுகிறது. அங்கே உற்பத்தி செய்தால் மட்டும் போதுமா, ஊருக்குள் கடைசித் தெரு வரை அறுபடாமல் வந்து சேர வேண்டும், மாடியில் உண்டாவதும் அறுபடாமல் திரும்பிப் போக வேண்டும்.

கடைசியாக, கேபிளுக்குப் பணம் கிடைக்காது என்றால் நடுவழி ஒன்று உண்டு. ஏ.பி. கேபிள் என்று, இன்சுலேஷன் போட்ட வயர்களை முறுக்கிக் கம்பத்திலேயே கட்டுவார்கள். கிளை பட்டாலும் உரசினாலும் உடனே ஒன்றும் ஆகாது, செலவும் மண்ணுக்குள் போடுவதைவிட ரொம்பக் குறைவு. புதூர், ஆனையூர் பக்கம் மாதிரி அகலமான தெரு, மரம் நிறைய உள்ள இடம் என்றால் அதையே முதலில் கேளுங்கள் என்பேன். ஆனால் சப்பரம் வரும் சந்துக்கு அது தீர்வு இல்லை, உயரம் அதேதான் இருக்கும். உங்கள் சந்துக்குப் பூமிக்கடிக் கேபிள்தான் சரி.


வெளிவீதிச் சந்து:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நேற்று தெருவில் உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். வேண்டாம் என்றவர்களில் பலர் இப்போது இரண்டு பக்க ஊட்டு இருந்தால் சரி என்கிறார்கள். இப்போது சண்டை எங்கே வந்து நிற்கிறது தெரியுமா, பில்லர் பாக்ஸ் யார் வீட்டு வாசலில் என்பதில். சந்து அகலத்துக்கு அந்தப் பெட்டி ரெண்டடி எடுத்துக்கொண்டால் ஆட்டோவும் வராது என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். இன்னொரு கேள்வி, செலவு யார் தலையில்? குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய அதே பள்ளத்திலேயே கேபிளையும் போட்டால் தோண்டும் செலவாவது மிச்சமாகுமா?


ஆனையூர் மனு:

செலவு பற்றி மட்டும். இ.பி. தன் திட்டத்தில் எடுத்துச் செய்தால் உங்களுக்குச் செலவில்லை, ஆனால் வரிசையில் நிற்க வேண்டும். நீங்களாகக் கேட்டு மாற்றச் சொன்னால் டி.சி.டபிள்யூ., அதாவது கேட்பவர் செலவில் செய்யும் வேலை என்று எஸ்டிமேட் போட்டுப் பணம் கட்டச் சொல்வார்கள், ஒரு சந்துக்காரர்கள் தாங்குகிற தொகையாக இருக்காது. அதனால் தெருவுக்காக என்று கேட்காமல், அந்த டிரான்ஸ்ஃபார்மரில் வரும் எல்லாச் சந்துகளும் சேர்ந்து, சப்பரப் பாதை, விதிப்படி இடைவெளி இல்லாத வீடுகள் என்று போட்டோவோடு பகுதி சபையில் தீர்மானம் போடுங்கள். கவுன்சிலர், செயற்பொறியாளர் இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டிலும் ரசீது வாங்குங்கள். மாநகராட்சி ரோடு போடும் தேதியைக் கேட்டு, அதற்கு முன்னால் எஸ்டிமேட் வர வேண்டும் என்று எழுதுங்கள், தேதி இல்லாத மனு தூங்கிவிடும். ஒன்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், கேபிள் பகுதியில் புது சர்வீஸ் எடுக்கும்போது வளர்ச்சிக் கட்டணம் மேல் வயர்ப் பகுதியைவிட அதிகம். வாடகைக்கு விட மாடி கட்டுபவர்கள் அப்புறம் வந்து உங்களைக் கேட்பார்கள்.


பழைய ஜாயிண்ட்டர்:

தம்பி, குழாய்ப் பள்ளத்திலேயே கேபிள் வேண்டவே வேண்டாம். குழாய் நாளைக்கு ஒழுகும், ஒழுகும் இடத்தைத் தேடிக் கடப்பாரையோடு வருபவன் முதலில் குத்துவது கேபிளைத்தான். சந்தின் ஒரு ஓரம் தண்ணீர், மறு ஓரம் கரண்ட் என்று பிரித்துவிடுங்கள், அதற்கும் இடமில்லாத குறுகலில் குறைந்தது ஓரடி தள்ளியாவது போட வேண்டும், குழாய்க்கு நேர் மேலே போகவே கூடாது. வீட்டு சாக்கடைக் குழாய் குறுக்கே போகும் இடத்தில் கேபிளை ஒரு ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பைப்புக்குள் விட்டுத் தாண்டுங்கள். ரோடு உடைப்பதும் சிமெண்ட் போடுவதும் ஒரே தடவை என்பதுதான் உங்களுக்கு மிச்சம், பள்ளம் ஒன்றாக இருப்பதில் இல்லை.

கூடவே இன்னொரு வெறும் பைப்பையும் சேர்த்துப் புதைக்கச் சொல்லுங்கள், இரண்டு முனையையும் மூடிபோட்டு. கம்பத்தை எடுத்துவிட்டால் கேபிள் டிவி வயரும் இன்டர்நெட் வயரும் எங்கே தொங்கும்? அவர்கள் வீட்டுக்கு வீடு கயிறு கட்டிவிடுவார்கள், சப்பரத்துக்கு மறுபடி கவட்டைக் கம்பு தேவைப்படும். தெருவிளக்குக்குச் சுவரில் பிராக்கெட் அடிக்க எந்த வீட்டுக்காரர் சம்மதிக்கிறார் என்பதையும் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

பெட்டிக்கு வருகிறேன். சந்துக்குள் எவர் வாசலிலும் வேண்டாம். இரண்டு முனையிலும், மாசி வீதிப் பக்கம் ஒன்று, வெளி வீதிப் பக்கம் ஒன்று என்று வைக்க முடியுமா என்று மின்வாரிய உதவிப் பொறியாளரை, அதாவது ஏ.இ.யைக் கூட்டிவந்து நடந்து காட்டுங்கள். சந்து நீளம் அதிகம் இல்லை என்றால் அந்த இரண்டு பெட்டிக்கு நடுவில் கேபிள் ஓடும், வீடுகளுக்கு அந்தப் பெட்டிகளில் இருந்து பிரியும், பெட்டி இரண்டுக்கும் வேறு வேறு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வந்தால் இரண்டு பக்க ஊட்டும் கிடைத்துவிடும். நடுவில் ஜாயிண்ட்டே வராதபடி ஒரே நீளத்தில் டிரம்மில் இருந்து இறக்கச் சொல்லுங்கள், வளைக்கிற இடத்தில் கேபிளின் விட்டத்தைப்போல பன்னிரண்டு பதினைந்து மடங்காவது ஆரம் இருக்க வேண்டும், முனையில் நெருக்கி ஒடித்து உள்ளே தள்ளினால் அங்கேதான் முதலில் போகும். இரண்டு முனையிலும் ஒரு சுற்று மிச்சம் விட்டுப் புதைக்கச் சொல்லுங்கள், பின்னால் முனை கெட்டால் வெட்டி மறுபடி கட்ட நீளம் வேண்டும். வேலை பாதியில் நின்று மறுநாள் தொடர்கிறார்கள் என்றால் வெட்டிய முனைக்கு மூடி சுருக்கியிருக்கிறார்களா என்று ராத்திரி ஒரு எட்டு போய்ப் பாருங்கள், சாக்கைச் சுற்றி வைத்திருந்தால் விடாதீர்கள், ஒரு ராத்திரி மழையில் தண்ணீர் கம்பி வழியாகவே உள்ளே போய்விடும்.

ஏ.இ. என்றைக்கு வருகிறார் என்று இங்கே எழுதுங்கள். சிம்மக்கல்தானே, நானும் வந்து கூட நடக்கிறேன்.